வெள்ளி ரேக்கு ஒட்டின டப்பா

அப்ப படபடப்பு சுத்தமா போயிடுச்சா? நல்லா தூக்கம் வருதா? அல்ஹம்துலில்லாஹ். உக்காருங்க ஷாயிஸ்தா பீபி, ஹகீம் சாகிப் அஸர் தொழுதுட்டு வந்துருவாரு. உங்கள பாக்காம இருப்பாரா?

இல்ல, ஒண்ணும் இல்ல, சும்மா சொன்னேன். சரி, சும்மா சொல்லல. வியாழக்கிழமை தவறாம இந்த சௌக் பஜார் நெரிசல்ல ரிக்‌ஷா புடிச்சு வர்றீங்க. அவரு உங்க கையப் புடிச்சதும் கண்ண மூடிக்கிறாரு. நான் திரைக்குப் பின்னாடி நின்னு எண்ணுவேன். போன வாரம் நூத்தி எழுபது வரைக்கும் எண்ணிட்டேன், கைய விடல. நாடி அப்படித்தான் பாக்கணும்னு எனக்குத் தெரியும், யுனானி வைத்தியம் பாக்குற ஹகீமோட பொண்டாட்டிதானே நான். தெரிஞ்சா மட்டும் வயித்தெரிச்சல் போயிடுமா? பொறாமைதான் பீபி, மறைக்க என்ன இருக்கு.

எனக்கா? எனக்கு நாடியே பாக்க மாட்டாரு. அவங்க பரம்பரை வழக்கம். வீட்டு ஆளுங்க நாடிய ஹகீம் பாக்கக்கூடாதாம், பாசத்துல விரல் பொய் சொல்லிடுமாம். இருபத்திரெண்டு வருசமா அந்தப் பாசத்துலதான் குடும்பம் நடத்துறேன். மாடிப்படி ஏறினா நெஞ்சு அடிச்சுக்குதுங்கன்னா, வாயுங்கிறாரு. தலையக்கூட நிமித்தல. ஜவாரிஷ் ஒரு ஸ்பூன் தின்னுங்கிறாரு. சோறு செரிக்கிற லேகியம் அது.

உங்களுக்கு மட்டும் கமீரா. நெஞ்சுக்கும் மூளைக்கும் பலம் தர்ற லேகியம். பன்னீர், குங்குமப்பூ, முத்துப் பொடி, மேல வெள்ளி ரேக்கு. அவரு எழுதித் தந்துட்டுப் போயிடுவாரு. பாகு காச்சி, மரத்துடுப்பால அது வெளுக்கிற வரைக்கும் அடிக்கிறது யாரு? இந்தா பாருங்க கைய. காப்புக் காச்சிப் போச்சு. உங்க நெஞ்சு நல்லாயிருக்க என் தோள்பட்ட தேயுது.

அதான் ஒரு காரியம் பண்ணிட்டேன். கோவிச்சுக்காதீங்க. ஆறு வாரமா உங்க டப்பாவுல இருந்தது என்னோட ஜவாரிஷ். மேல வெள்ளி ரேக்க ஒட்டிக் குடுத்துட்டேன். நீங்கதான் கமீராவ முன்னப்பின்ன பாத்தது இல்லையே. உங்க கமீராவ தினம் காலைல வெறும் வயித்துல நான் சாப்பிட்டேன்.

அட உக்காருங்க, எங்க எந்திரிக்கிறீங்க? கெடுதலா ஒண்ணும் ஆகலையே. தூக்கம் வருதுன்னு இப்பதானே சொன்னீங்க. அவரும்தான் போன வாரம் உங்க நாடியப் புடிச்சுட்டு, கமீரா நெஞ்சுக்கு நல்லா வேலை செய்யுதுன்னு பூரிச்சுப் போனாரு. உங்களுக்கு வெறும் வாயுதான் பீபி. பயப்படாதீங்க.

நானா? ஒரு மாசமா மாடிப்படிய நடுவுல நிக்காம ஏறுறேன்.

செருப்புச் சத்தம் கேக்குதா? வந்துட்டாரு. நீங்க அப்படியே இருங்க. இன்னைக்கு முதல்ல கை நீட்டப்போறது நான்தான்.