நட்சத்திரம் போட்ட வரி

செம்பூரில் ஏறிய இருவர் கழுத்திலும் ஒரே ஆபீஸின் அடையாள அட்டை தொங்கியது. வாஷி போகும் மின்சார வண்டியில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்ததும் அந்தப் பெண் கேட்டதுதான் என்னைத் திரும்ப வைத்தது.

“நட்சத்திரத்தைப் பார்த்தா கோலம்னு நெனைச்சுப்பியா?”

கூட வந்த இளைஞன் பையை மார்புப் பக்கம் மாற்றிக்கொண்டான்.

“குப்பைன்னு நெனைச்சேன்க்கா. சர்வரோட கறுப்பு ஸ்கிரீன்ல நீங்க எழுதி வச்ச குறிப்பு ஃபைலைத் திறந்தா வெறும் நட்சத்திரமா கெடக்கு. கண்ணு தன்னால தாண்டிட்டுது.”

“ரெண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டா போல்டு, தடிச்ச எழுத்துனு அர்த்தம்டா. ‘பேக்கப் எடுக்காமல் இந்தக் கமாண்டை ஓட்டாதே’ன்னு போல்டுல எழுதியிருக்கேன். நீ ஓட்டிட்டே. கஸ்டமர் டேட்டா போச்சு. மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினது நான்.”

“உங்க லேப்டாப்ல போல்டா தெரியும். சர்வர்ல எனக்கு எப்படிக்கா தெரியும்?”

“ஏன் தெரியாது? ஃபைலை ஒழுங்காக் காட்டறதுக்குன்னே ஒரு டூலை அந்த சர்வர்ல நானே போட்டு வச்சிருக்கேன். தலைப்பு கலர்ல வரும், எச்சரிக்கை போல்டா வரும். திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.”

“அப்படி ஒண்ணு இருக்குன்னு என்கிட்ட யாரு சொன்னா?”

“வேற தனியா வந்து சொல்லணுமா? எழுதியிருக்கேனே.”

“எங்க?”

“அந்த ஃபைல்லதான். முதல் வரியிலேயே.”

மான்கூர்ட் போய், வண்டி கடல்பாலத்தில் ஏறிய பிறகுதான், கோபம் குறையாமலே அந்தப் பெண் மீதியைச் சொன்னார்.

“நட்சத்திரம் போட்டு.”