பதினொன்றில் இருக்க வேண்டியது

கப்பலில் போவதாக இருந்தால், மேடம், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அறையில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் பக்கத்தில் இருக்கவே இருக்காது. எங்கள் அறையில் அது கண்ணாடி மேசைக்கு மேலே, என் மனைவி தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் மூச்சு மெஷினின் ஒயருக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. நாமாக எக்ஸ்டென்ஷன் ஒயர் கொண்டுபோனால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள், தீப்பிடிக்குமாம். முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர்களே ஒன்று தருவார்கள். சொல்லி வைத்தது நான். மெஷினில் ஊற்றக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும் என்று சொல்லி வைத்ததும் நான். அவள் துணிமணி மட்டும்தான் எடுத்து வைத்தாள்.

நேற்று நீங்கள் ஃபோனில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டு பேசத் தெரியாத ஆள் நான், அதனால் நேராகவே சொல்கிறேன். விபத்தை விசாரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பியவர் நீங்கள், உங்கள் வேலையில் மூக்கை நுழைக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் மெஷினில் காற்றின் அழுத்தம் குறைந்திருந்ததற்கு என் மனைவி ஏதோ பட்டனைத் தவறுதலாக அழுத்தியதுதான் காரணம் என்று எழுதப்போகிறீர்களாம். அவளும் "ஆமா, நான்தான் எதையாவது அமுக்கியிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டுவிட்டாளாம். அதைக் கேட்டதிலிருந்து வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அவளுக்கு அதை ஆன் பண்ணத் தெரியும், ஆஃப் பண்ணத் தெரியும். அவ்வளவுதான். முகமூடியைக் கழுவுவது, ஃபில்டர் மாற்றுவது, குழாயைத் தொங்கவிட்டுக் காயவைப்பது எல்லாம் நான். அந்த மெஷினில் ஒரு எண் மாறியிருந்தால், அது என் கை படாமல் மாறியிருக்காது.

முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும். அவள் சர்வேயராக இருந்தவள். ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றி நிலம் அளப்பாள். கல்யாணமாகிச் சில வருஷத்தில் இந்தத் தூக்க வியாதி வந்தது. படுத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், மூச்சு நிற்கும், திடுக்கிட்டு விழிப்பாள், கண்ணை மூடினால் மறுபடி அடைக்கும். விடியும் வரை இதே கூத்து. பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம். வியாதி என்று அப்போது யாருக்குத் தெரியும், குறட்டை என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ஜீப்பை மரத்தில் மோதினாள். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் பயந்துபோய் வேலையை விட்டுவிட்டாள்.

அதன் பிறகு அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது நான். எனக்கு டயர் கடை. காலையில் அவளையும் கடைக்கு அழைத்துப் போவேன், நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார வைப்பேன். நாலு பேர் கூடும் இடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கி வழிவாள், நான் தட்டைப் பிடித்துக்கொள்வேன். பார்க்கிறவர்கள், "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். வேறு எதற்கும் என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. காரில் ஏறிய கொஞ்ச நேரத்தில் அவள் தலை என் தோளில் சாயும். அந்தப் பாரத்துக்காகவே சுற்றுவழியில் ஓட்டுவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை, மேடம். அந்தக் குறையே எனக்குத் தெரியவில்லை.

மெஷினை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அவள் தம்பி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனே டாக்டரிடம் கூட்டிப்போய், சோதனையெல்லாம் பண்ணி, கையோடு வாங்கியும் வந்துவிட்டான். பெரிய மெஷின் ஒன்றும் இல்லை, ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவுதான். மூக்கில் முகமூடியை மாட்டிக்கொண்டால் குழாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பிக்கொண்டே இருக்கும், தொண்டை அடைக்காது. அவளுக்கு அழுத்தம் பதினொன்று என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்த டெக்னீஷியன் இரண்டு பட்டனைச் சேர்த்துப் பிடித்து, உள்ளே போய்ப் பதினொன்று வைத்தான். நான் அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று விஷயம் என்றால் என் கண் தானாகப் போகும், தொழில் அப்படி.

ஒரே வாரத்தில் ஆளே மாறிவிட்டாள். நான் எழுவதற்குள் குளித்து, காபி குடித்து, பேப்பரை வரி விடாமல் படித்து முடித்திருப்பாள். படித்ததை வைத்துக்கொண்டு என்னிடம் வாதாடுவாள். நான் சொல்கிற கதைகளில் பாதி அவளுக்குப் புதிதாக இருந்தது, மீதிப் பாதியில் தப்பு கண்டுபிடித்தாள். "இத்தனை வருஷமா இதைத்தான் சொல்லிட்டிருந்தீங்களா? நான் தூங்கினதே நல்லதாப் போச்சு" என்று சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள், நானும் கூடச் சிரித்தேன். அன்றைக்குக் கடையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். அப்புறம் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பித்தாள். கார் சாவி கை மாறியது, நான் பக்கத்து சீட்டுக்குப் போனேன். எனக்கு அடுத்தவர் தோளில் சாய்ந்து தூங்கும் பழக்கம் கிடையாது.

கப்பல் பயணம் அவள் ஏற்பாடு. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று. ஏறிய அன்று மாலையே மேல்தளத்தில் வைத்து, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், கோபப்படக் கூடாது" என்றாள். மலைப்பக்கம் புது ரயில் பாதைக்கு நிலம் அளக்கும் வேலை. இரண்டு வருஷம், அங்கேயே தங்க வேண்டும். திரும்பிப் போனதும் சேரப்போகிறாள்.

"நீங்க கடையைப் பாத்துக்கோங்க. மாசத்துக்கு ஒரு தடவை நான் வந்துட்டுப் போறேன்."

"மெஷினை யாரு பாத்துப்பா?"

"அதென்ன கைக்குழந்தையா, பாத்துக்கறதுக்கு? கழுவி வெக்க எனக்குத் தெரியாதா?"

நான் கோபப்படவில்லை. கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அன்றோடு போயிருக்கும். நடக்க ஆரம்பித்தேன். கப்பலில் நடக்க இடத்துக்குக் குறைவில்லை, போகத்தான் இடமில்லை. ஒரே மாதிரிக் கம்பளம், ஒரே மாதிரிக் கதவுகள். எத்தனை சுற்று சுற்றினாலும் நம் அறை வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோனது. அதற்குள் அவளுக்கு ஒரு சிநேகிதி வேறு கிடைத்துவிட்டாள். தனியாக வந்திருந்த நீச்சல் டீச்சர், ஓய்வு பெற்றவர், வாய் ஓயாத மனுஷி. இருவரும் நீச்சல்குளத்தில் கும்மாளம் போட, நான் துண்டை வைத்துக்கொண்டு கரையில் நிற்பேன். "அண்ணா, நீங்க போய் எதையாவது சுத்திப் பாருங்களேன். உங்க வீட்டம்மா எங்கே ஓடிடப் போறாங்க, சுத்தித் தண்ணி" என்பார் அந்த அம்மா. எனக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள் காலை அவர்கள் நீச்சலுக்குப் போன பிறகு வழக்கம்போல் முகமூடியைக் கழுவித் துடைத்தேன். தண்ணீர்த் தொட்டியைக் காயவைத்தேன். பிறகு அந்த இரண்டு பட்டனையும் சேர்த்துப் பிடித்து, பதினொன்றை நான்காக்கினேன். அதற்குக் கீழே அது போகாது. ஒன்றைக் கவனிக்க வேண்டும், நான் எதையும் உடைக்கவில்லை, ஒயரைப் பிடுங்கவில்லை. அப்படியெல்லாம் செய்கிறவர்கள் வேறு ஆட்கள். பஞ்சரான டயர் நின்றுவிடும், அதில் ஆபத்தில்லை. காற்று குறைந்த டயர் ஓடும். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே சூடாகிக்கொண்டே இருக்கும். கடைக்கு வருகிற ஒருவரையும் இதைச் சொல்லாமல் நான் அனுப்பியதில்லை. என் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் உயிர் தப்பியிருக்கிறார்களோ.

அன்று இரவு, "காத்து கம்மியா வர்ற மாதிரி இருக்குங்க" என்றாள். "கப்பல் கரண்ட் அப்படித்தாம்மா, வீட்டுல வர்ற மாதிரி வருமா?" என்றேன். நம்பினாள். காற்று விஷயத்தில் என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்? காலையில் தலைவலி என்றாள். அடுத்த நாள் சாப்பிடும்போது கையிலிருந்து கரண்டி நழுவியது, நான் எட்டிப் பிடித்தேன். நீச்சல் டீச்சர் விடவில்லை. "கப்பல்லயே டாக்டர் இருக்காரே, ஒரு எட்டு காட்டிட்டு வந்துடலாம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். "கடல் ஒத்துக்கலை, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று நான்தான் தடுத்தேன். அன்று மாலை மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் தலை என் தோளில் சாய்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கை மரத்துப்போகும் வரை அசையாமல் இருந்தேன். அந்தப் பயணம் முழுக்க என் கால் ஆடாமல் இருந்த ஒரே பொழுது அதுதான்.

என் எண்ணம் இவ்வளவுதான்: தன்னால் முடியாது என்று அவளுக்கே தெரிய வேண்டும். நான் சொன்னால் சண்டை வரும். தானாகத் தெரிந்துவிட்டால், ஊர் திரும்பியதும் வேலை வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுவாள். நானும் சத்தமில்லாமல் பதினொன்றுக்கு ஏற்றிவிடுவேன். சத்தியமாக ஏற்றியிருப்பேன்.

ஒரு துறைமுகத்தில் கப்பல் பகல் முழுக்க நின்றது. அங்கே ஒரு வாடகைக் காருக்கு அவள் ஊரிலிருந்தே சொல்லி வைத்திருந்தாள். கடலோரச் சாலையில் கலங்கரை விளக்கம் வரை தானே ஓட்டிப் போக வேண்டும் என்று ஆசை. கண் செருகச் செருகத்தான் கிளம்பினாள், டீச்சரும் கூட. "நீங்களும் வாங்களேன், எவ்வளவு நல்லா இருக்கும்" என்று என்னையும் கூப்பிட்டாள். முதுகு வலி என்றேன். எனக்கு முதுகு வலி எதுவும் இல்லை.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். தடுத்தால் காரணம் கேட்பாள், காரணம் சொன்னால் பேச்சு மெஷினுக்கு வரும். அதுவும் இல்லாமல், கொஞ்ச தூரம் போவாள், கண் சொக்கும், வண்டியை ஓரம் கட்டிவிட்டு எனக்கு ஃபோன் பண்ணுவாள் என்றுதான் நினைத்தேன். டாக்ஸி பிடித்துப் போய் இருவரையும் உட்கார வைத்து நானே காரை ஓட்டிக்கொண்டு வருவதாக இருந்தேன். அதற்காகச் சட்டைகூட மாற்றிக்கொண்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, அறைக்கும் கப்பல் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

ஃபோன் வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து. நேரான சாலை, நல்ல வெயில், எதிரே வண்டி இல்லை. கார் தன்பாட்டுக்குச் சாலையை விட்டு இறங்கிப் பாலத்துச் சுவரில் மோதியிருக்கிறது. பிரேக் போட்ட தடமே இல்லை. டீச்சர் அந்த இடத்திலேயே போய்விட்டார். அவளுக்கு இடுப்பெலும்பும் வலது காலும் முறிந்துவிட்டன. டீச்சரை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். நல்ல மனுஷி, கொஞ்சம் வாய் ஜாஸ்தி, அவ்வளவுதான். அவரைக் காரில் ஏறச் சொன்னது நான் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் மகள் வந்து மயங்கி விழுந்தபோது தண்ணீர் தெளித்து எழுப்பியது நான்.

"நான் தூங்கிட்டேங்க. டீச்சரக்காவை நான் கொன்னுட்டேங்க" என்று இவள் அழுதுகொண்டே இருக்கிறாள். "வேணும்னா பண்ணினே? விடும்மா" என்று தலையைத் தடவிக் கொடுக்கிறேன். ஊருக்கு வந்தபின் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எதிலும் நான் குறை வைக்கவில்லை. எனக்கும் படபடப்பெல்லாம் அடங்கி, நன்றாகப் பசிக்க ஆரம்பித்திருந்தது.

போன வாரம் பிடிமானம் இல்லாமல் எழுந்து உட்கார்ந்தாள். உடனே ஃபோனைக் கேட்டு வாங்கி அந்த ரயில் பாதை ஆபீஸுக்குப் பேசினாள். "கால் சரியானதும் வரச் சொல்லிட்டாங்க. கார் வேணாம், ஜீப்புக்கு டிரைவர் தர்றாங்களாம். டீச்சரக்கா இருந்திருந்தா 'போய்ட்டு வா'ன்னுதான் சொல்லியிருப்பாங்க" என்றாள். மறுபடி என் கால் ஆட ஆரம்பித்துவிட்டது, மேடம்.

எழுதியாகிவிட்டது என்றால் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம், அவள் படுக்கிற நேரம் ஆகிறது. முகமூடிப் பட்டையை அவளுக்கு வலிக்காமல் இழுத்துக் கட்ட என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பழைய மெஷினை நீங்கள் எடுத்துப் போனதால் மச்சினன் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். எப்படியும் அதையும் பிரித்துப் பார்ப்பீர்கள், அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, பட்டும் திருந்தாதவனும் இல்லை. இந்தத் தடவை நான்கில் வைக்கவில்லை, ஐந்தில் வைத்திருக்கிறேன்.