காதுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி

தலைமுடி மீது மனிதனுக்கு இருக்கும் ஆசையை முழுமையாக வென்ற முதல் ஆள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாராவது வென்றிருந்தால் இத்தனை நாளில் தகவல் வந்திருக்கும். துறவிகளைச் சொல்வீர்கள். அவர்கள் மழித்துக்கொண்டவர்கள். மழிப்பது வெற்றி இல்லை, தப்பி ஓடுவது. நான் முடியை வைத்துக்கொண்டே அதை மதிக்காமல் வாழ்ந்தவன்.

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா, ஐயா? தொப்பி அசைகிறது. கழற்ற வேண்டாம், சளி பிடித்திருக்கிறது.

இந்த வாக்குமூலத்தை என் விருப்பப்படியே தருகிறேன். யாரும் மிரட்டவில்லை. தேநீர் நன்றாக இருந்தது. உங்கள் மீசை இவ்வளவு கறுப்பாக இருப்பதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். எங்கள் சுவரொட்டி இதழில் ‘வழுக்கைப் பார்வை’ என்ற பத்தியை மூன்று வருடமாக எழுதுவது நான்தான். இடது காதோரம் வளர்த்த எட்டு முடியை வலது காது வரை தினமும் அழைத்துச் சென்ற ஒரு பேராசிரியரைப் பற்றி ஆறு வாரம் எழுதினேன். ஏழாவது வாரம் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். முடியை நேராக்கிக்கொள்கிறவர்கள், சாயம் பூசுகிறவர்கள், கண்ணாடி வைத்த கடையைக் கடக்கும்போது நடை மெதுவாகிறவர்கள், எல்லோரும் என் வாசகர்கள். வேறு வழி அவர்களுக்கு இல்லை. இதழை ஒட்டுவது உணவகத்து வாசலில்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சுருட்டை முடி. சீப்பு உள்ளே போனால் தேடுவதற்கு ஆள் அனுப்ப வேண்டும். அதோடு இருபது வயதிலேயே நரை தொடங்கிவிடும். இரண்டும் அப்பா வழிச் சொத்து. அவர் விட்டுப்போன வேறு சொத்து எதுவும் இல்லாததால் இதையாவது மரியாதையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அக்காவின் கட்சி வேறு.

அக்காவுக்கு இருபத்தாறு வயது. ஒரு கூரியர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. ஆனால் ஆசை செய்தி வாசிப்பதில். மூன்று வருடமாகத் தினமும் காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பாள். வெள்ளம், விபத்து, விலைவாசி எல்லாம் கேட்டுத்தான் நான் கண் விழிப்பேன். போன மாதம் ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. முந்நூறு பேரில் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான்கு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பத்து மணிக்குக் கேமரா முன் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். தேறினால் வேலை. வர முடியாமல் போனால் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். கடிதத்தை அம்மா நான்கு பேருக்கு வாசித்துக் காட்டினாள், நான்காவது ஆள் பால்காரர்.

அக்கா உடனே போய் முடியை நேராக்கிக்கொண்டாள். எங்கள் தெரு முனைப் பார்லரில்தான். அங்கே விடுமுறை நாட்களிலும் வகுப்பு இல்லாத நேரங்களிலும் நானும் வேலை செய்கிறேன். ஒரு நையாண்டிக்காரனுக்கு அது ஆய்வுக்கூடம். குறிப்பு அட்டை எழுதுவேன், பெரிய டப்பாவிலிருந்து சின்னப் பாட்டில்களில் ஊற்றி வைப்பேன், துண்டு அலசுவேன். அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று பார்லர் மேடத்திடம், ஒன்று என்னிடம்.

மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிலில் அவ்வளவு சுத்தமான ஆளை நான் பார்த்ததில்லை. அக்கா நெற்றியோர நரைக்கு டை கேட்டபோது மேடம் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

“ஏற்கனவே ஒரு கெமிக்கல் போட்டு நேராக்கின முடிம்மா. அது மேல நிரந்தர டை போட்டா முடி தாங்காது, கையோட வந்துடும். அப்புறம் நீ செய்தி வாசிக்க வேணாம், நீயே செய்தி ஆயிடுவ.”

“அப்போ இந்த வெள்ளைய வச்சுக்கிட்டா மேடம் உக்காருவேன்?”

“ரின்ஸ் போடலாம். மேலாப்புல ஒட்டுற கறுப்பு. எட்டுப் பத்துத் தடவ தலைக்கு ஊத்தினா தன்னால போயிடும். ஆனா நேராக்கி ரெண்டு வாரம் ஆகட்டும். நான் சொல்ற முறைக்கு வரணும்.”

அந்த முறை இதுதான். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அரித்தால் கிடையாது. பொட்டு வைக்கும் அன்றே பிடரியிலிருந்து ஒரு கொத்து முடியை வெட்டி, அதே பாட்டில் சாயத்தில் ஊறவைத்து, அலசி, காய்ந்ததும் இழுத்துப் பார்க்க வேண்டும். நேராக்கிய முடி சாயத்தைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும், நினைத்ததைவிடக் கறுத்துவிடும், அதனால் நேரத்தையும் அதில்தான் கணக்கிடுவார். அந்தக் கொத்தை நூலால் அட்டையில் கட்டி, தேதி போட்டு வைப்பார். ஊரில் வேறு எந்தப் பார்லரிலும் இந்த வழக்கம் இல்லை. ‘முடிக்கு ஜாதகம்’ என்று பத்தியில் கேலி செய்தேன். மேடம் அதைக் கத்தரித்துக் கடையில் ஒட்டி வைத்தார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு இருபதுக்கு, ஒரு சின்னச் சம்பவம். அதை நான் பொருட்படுத்தவே இல்லை. கடையில் மூன்று வாடிக்கையாளர்கள், நடுவில் இருந்தவர் தோளில் மஞ்சள் துண்டு. அக்கா கொண்டுவந்த செய்தித்தாளை எடுத்து நான் வாசித்துக் காட்டினேன்.

“தம்பி குரல் கணீர்னு இருக்கே, நீயும் போலாமே” என்றார் மேடம்.

“இவனா?” என்றாள் அக்கா. “ரேடியோவுக்குப் போகட்டும் மேடம். இவன் தலைய டிவியில காட்டினா, ஆன்டெனா ஆடுதுன்னு ஜனங்க டிவியப் போட்டுத் தட்டுவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மஞ்சள் துண்டு கொஞ்சம் அதிக நேரம் சிரித்தது. சொன்னேனே, பொருட்படுத்தவில்லை.

நான் அக்காவைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். ஒரு நல்ல பெண் முடிக்கு அடிமையாகிக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் எழுதியும் வீட்டிலிருக்கும் ஒருத்தியைத் திருத்த முடியவில்லை என்றால் எழுத்துக்கு என்ன மதிப்பு? எழுத்தால் ஆகாததைச் செயலால் செய்தேன், அவ்வளவுதான்.

புதன்கிழமை மேடம் அக்காவுக்குப் பொட்டு வைத்தார், கொத்து வெட்டி ஊறவைத்தார். அட்டையில் கட்டியபோது அந்த முடி பட்டு நூல் மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மேடம் சாப்பிடப் போனபோது, அக்காவுக்கென்று எடுத்து வைத்திருந்த பாட்டிலைக் காலி செய்தேன். அதில் முடி நேராக்கும் களிம்பை நிரப்பி, நிறத்துக்குக் கொஞ்சம் ரின்ஸ் கலந்தேன். ஏற்கனவே நேராக்கிய முடியில் அந்தக் களிம்பு மறுபடி பட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். டப்பாவின் மேலேயே போட்டிருக்கிறது. எச்சரிக்கைகளை வாசிக்காமல் நான் எதையும் செய்வதில்லை.

நான்கு மணிக்கு மேடம் பூச ஆரம்பித்தார். முகக்கவசம் போட்டிருந்ததால் வாடை தெரியவில்லை.

“இன்னைக்குக் கொஞ்சம் கெட்டியா இருக்கே” என்றார்.

“புது டப்பா மேடம்” என்றேன்.

பூசி முடித்து, தலையில் பிளாஸ்டிக் உறை மாட்டி, இருபது நிமிடத்துக்குக் கடிகாரத்தைத் திருகிவிட்டு, அடுத்த அறையில் இன்னொருவருக்குப் புருவம் திருத்தப் போனார். அக்கா பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். அவள் கையில் மறுநாளுக்கான பயிற்சித் தாள்.

ஐந்தாவது நிமிடம் “டேய், எரியுதுடா” என்றாள்.

“நிறம் பிடிக்கும்போது அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

“நிஜமாவா? போன வாட்டி நேராக்கினப்போதான் இப்படி எரிஞ்சுது.”

“அக்கா, இதுல வேலை செய்யறது நானா நீயா?”

அவள் நம்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தாளில் இருந்த வானிலை அறிக்கையை வாசித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. உச்சரிப்பு ஒரு இடத்திலும் பிசகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கடிகாரம் மூன்று நிமிடம் மிச்சம் காட்டியபோது நான் அதைப் பத்துக்குத் திருப்பி வைத்தேன்.

ஆமாம், பத்துக்கு.

அலசும்போது தண்ணீரோடு முடியும் வந்தது. மேடம் தன் இரண்டு கையுறைகளையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். நான்தான் குழாயை முழுதாகத் திறந்து தண்ணீர் ஊற்றினேன், நான்தான் ஆட்டோ பிடித்தேன். ‘தம்பி மட்டும் இல்லன்னா இன்னும் மோசமாகியிருக்கும்’ என்று ஆஸ்பத்திரியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா எப்போதும் எதையும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் பேசுவாள், அதனால் மறுக்கவில்லை. உச்சியில் மூன்று இடத்தில் தோல் வெந்துவிட்டது, அங்கே இனி முடி முளைப்பது சந்தேகம் என்றார் மருத்துவர்.

மறுநாளே மேடத்தின் கடையைப் பூட்டி சீல் வைத்தார்கள். அலட்சியம் என்று வழக்கு. அந்த வார ‘வழுக்கைப் பார்வை’யில் அலட்சியமான பார்லர்களைக் கண்டித்து எழுதினேன். கல்லூரி முதல்வர் என்னை அறைக்கு அழைத்து, முதல் முறையாகப் பொறுப்போடு எழுதியிருக்கிறாய் என்று கைகுலுக்கினார்.

என்னை மாட்டிவிட்டது அந்த அட்டைதான். ‘புதன்கிழமை பார்த்த கொத்து அறுந்திருக்கவில்லை, அதே பாட்டில்தான், நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், அட்டையைப் பாருங்கள்’ என்று மேடம் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கடையில் அட்டை இல்லை. என் அறையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகியிருந்தது. எரித்திருக்கலாமே, ஏன் வைத்திருந்தாய் என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அதுவும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஏன் என்றும்.

அதற்கு வருகிறேன். முதலில் மற்றக் கேள்வி, அந்தச் சனிக்கிழமை காலை நான் எங்கே போனேன் என்பது.

காத்திருப்புப் பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது. அக்கா விண்ணப்பம் அனுப்பிய அன்றே நானும் அனுப்பினேன், ஒரு சமூக ஆய்வாக. அக்காவால் வர முடியாது என்று நான்தான் தகவல் சொன்னேன், வெள்ளி இரவே நிலையத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அந்த இடம் வீணாகப் போவது நியாயமில்லை என்று பட்டது. போனேன். தேறினேன். அக்காவிடம் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனபோது தலை முழுக்கக் கட்டோடு படுத்திருந்தாள்.

“நல்லா வாசிச்சியாடா?” என்று கேட்டாள்.

“சுமாரா.”

“வாக்கியக் கடைசிய முழுங்காத. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கு. தினம் சாயங்காலம் வா, நான் கத்துத் தரேன்.” தலைக்கட்டை மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். “நம்ம வீட்ல யாரோ ஒருத்தருக்குக் கிடைச்சுதே, அது போதும்டா.”

அவள் சொல்லித்தந்தபடி இப்போது வாக்கியக் கடைசியை விழுங்குவதில்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

வருகிற திங்கள் மாலை ஆறரைச் செய்தி என்னுடையது. அதற்குள் இந்த விசாரணை முடிந்துவிடும்தானே? செய்ததை ஒப்புக்கொண்டுவிட்டேன். மேடத்தின் மேல் தப்பு இல்லை, கடையைத் திறந்துவிடலாம். அக்காவையும் ஒரு பெரிய பலவீனத்திலிருந்து விடுவித்தாயிற்று. இனி முடியைப் பற்றி அவள் கவலைப்பட எதுவும் இல்லை. என் தரப்பில் ஆசையோ பொறாமையோ கடுகளவும் கிடையாது.

சரி, தொப்பி. படம் எடுப்பவர் வந்துவிட்டார் என்றால் கழற்றத்தானே வேண்டும்.

ஆமாம், நேராகத்தான் இருக்கிறது. மூன்று வாரமாகிறது, அன்றிலிருந்து வீட்டிலும் கடையிலும் இந்தத் தொப்பிதான். அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், ஊரின் அந்தக் கோடியில் ஒரு கடையில். அக்கா பாட்டிலிலிருந்து காலி செய்த ரின்ஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தீர்களே, இதுதான். கொட்டவில்லை, வீணாக்கவில்லை. அவளுக்குப் பொட்டு வைத்த அதே புதன்கிழமை எனக்கும் வைத்துக்கொண்டேன். வெள்ளி மாலையோடு நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகிவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பூசிக்கொண்டேன். எல்லாம் மேடத்தின் முறைப்படி. அட்டையிலிருந்த கொத்தைக் கண்ணாடியில் பக்கத்தில் வைத்துத்தான் நிறம் ஒப்பிட முடியும்.

காலையிலிருந்து என் காதுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்தப் புள்ளி நேற்று இட்டது. இடது ஓரம் கொஞ்சம் வெளுத்துவிட்டது, திங்களுக்கு முன்னால் இன்னொரு தடவை பூச வேண்டும். நாளைக் காலையில்தான் கெடு முடிகிறது. படத்தை நாளைக்குத் தள்ளிப்போட முடியாதா?

முடியாது என்றால் பரவாயில்லை. வலது பக்கமாக எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம், உங்களிடம் சீப்பு இருக்கிறதா?