ஆடாமல் நின்றவர்கள்

அந்த ரப்பர் படகு மஞ்சளா, செம்மஞ்சளா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மஞ்சள் என்றுதான் நினைவு. ஆனால் எங்களுக்கு மாட்டிவிட்ட மிதவைச் சட்டைகளும் மஞ்சள். ஒன்றின் நிறத்தை இன்னொன்றின் மேல் நான் ஏற்றிவைத்திருக்கலாம். ஆற்றின் சத்தமும் அப்படித்தான், இங்கே தகரக் கூரையில் விழும் மழையோடு கலந்துவிட்டது. இந்த மாதிரி விஷயங்களில் நான் தவறினால் திருத்திக்கொள்ளுங்கள். நான் என்ன சொன்னேன், அதை ஆற்றின் எந்த இடத்தில் சொன்னேன் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

தேநீர் ஆறுகிறது, குடியுங்கள். கீழிருந்து இவ்வளவு வளைவுகள் ஏறி வந்திருக்கிறீர்கள். அந்தப் படகை ஓட்டிய டொனால்ட் தன் வழிகாட்டி உரிமத்தைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அன்று அந்தப் பெண்கள் ஏன் துடுப்புப் போடாமல் நின்றார்கள் என்றும் கேட்டீர்கள். மூன்று வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். சரியான கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. வேலை முடிந்தால் புத்தகம். ஒரு பக்கம் வாசித்துவிட்டு, சன்னல் வழியே மூடுபனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்தத் தோட்டத்தில் மற்றக் கங்காணிகள் காலையிலிருந்து தேயிலை நிரைகளில் ஆட்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருப்பார்கள். நான் கத்தியதில்லை. குறைவாகப் பேசுகிறவனின் சொல் கனமாக விழும். எனக்குக் கீழே கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு அது தெரியும்.

தேயிலைச் செடிகளுக்குள் குளவி கூடு கட்டும். கொழுந்து கிள்ளுகிற கை கூட்டில் பட்டால் மொத்தக் கூட்டமும் கிளம்பும். அசைகிற எதையும் அது விடாது. அதனால் என் கும்பலில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். குளவியைக் கண்டதும் நான் "ஆடாத" என்று ஒரு குரல் கொடுப்பேன். எல்லோரும் அப்படியே நின்றுவிட வேண்டும். நீட்டிய கை நீட்டியபடி, குனிந்த முதுகு குனிந்தபடி. மூச்சு மட்டும் ஓடலாம். குளவி அடங்கியதும் "எடு" என்பேன். அதன் பிறகுதான் கொழுந்து எடுக்கலாம். நடுவில் யாரும் சுயமாக முடிவு செய்யக் கூடாது. புதிதாக வந்த பெண்களுக்குக் குளவி இல்லாத நாட்களிலும் திடீரென்று குரல் கொடுத்துப் பழக்குவேன். சில நாட்களில் "எடு" சொல்ல நான் வேண்டுமென்றே தாமதிப்பேன். மலைச்சரிவு முழுக்கப் பெண்கள் சிலைகளாக நிற்பார்கள். நான் மட்டும் நடுவே நடந்து போவேன். அந்த அமைதி எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

1974இல் ஆரோக்கியம்மாள் இறந்தது உங்கள் காகிதங்களில் இருக்காது. அவள் டொனால்டின் தாய். அவள் கை பட்டுத்தான் கூடு கலைந்தது. நான் குரல் கொடுத்தேன். எல்லோரும் நின்றார்கள், அவளும் நின்றாள். குளவிகள் அவள் முகத்தில் உட்கார்ந்தன. அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். நான் குளவி அடங்கக் காத்திருந்தேன். மற்ற யாருக்கும் ஒரு கொட்டுக்கூட இல்லை. பழக்கம் வேலை செய்தது என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும். ஆஸ்பத்திரியில் அவள் இறந்தபோது பையனுக்குப் பத்து வயது இருக்கலாம். தானா ராத்தாவில் இருந்த அத்தை அழைத்துப்போய் வளர்த்தாள்.

எண்பத்தாறில் என் கும்பல் அதிகக் கொழுந்து எடுத்ததற்குத் தோட்டத்துத் துரை ஒரு சுற்றுலா கொடுத்தார். வழக்கமாகக் கடற்கரைக்கு அனுப்புவார்கள். அந்த வருடம் தமான் நெகாரா தேசியப் பூங்கா. பஸ்ஸில் ஒரு பகல், படகில் அரைப் பகல், காட்டுக்குள் தங்கல், மறுநாள் வழிகாட்டியோடு ரப்பர் படகில் ஆற்று இறக்கம். கரையில் எங்களுக்காகக் காத்திருந்த வழிகாட்டிகளில் ஒருவன் டொனால்ட். அகன்ற தோள், வெயிலில் கறுத்த முகம். கண்கள் மட்டும் தாயுடையவை.

பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அடப்பாவி, ஆரோக்கியம் மவனா நீ? மூக்க ஒழுக்கிக்கிட்டு லயத்துல ஓடுவியே" என்றாள் பாஞ்சாலை.

"இப்ப மூக்கு ஒழுகல அக்கா, ஆறுதான் ஒழுகுது" என்றான். என் பக்கம் திரும்பி, "வாங்க மாமா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதை நான் மறுக்கவில்லை.

எங்கள் படகில் ஐந்து பேர். பின்னால் டொனால்ட். இடப்பக்கம் நானும் சீதாவும், வலப்பக்கம் தங்கம்மாவும் பாஞ்சாலையும். மற்றவர்கள் வேறு படகுகளில் முன்னால் போனார்கள். கிளம்பும்போதே அவன் சொன்னான். "படகுல ஒரே குரல்தான் லா. என் குரல். நான் அடின்னா அடிக்கணும், நிறுத்துன்னா நிறுத்தணும். வேற யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க."

"எங்க கங்காணி சொன்னாக்கூடவா?" என்றாள் தங்கம்மா.

"கங்காணிக்கும் நான்தான் இன்னிக்குக் கங்காணி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

காலை நன்றாகவே போனது. சிறிய பாய்ச்சல்கள், முகத்தில் தெறிக்கும் தண்ணீர். தோட்டத்தில் வாய் திறக்காத தங்கம்மா சின்னப் பெண்ணைப் போலக் கூச்சலிட்டாள். சீதாவின் துடுப்புதான் எல்லோரையும்விடச் சீராக விழுந்தது. அவள் என் கும்பலின் மூத்தவள், எந்த வேலையிலும் கை சுத்தம்.

மதியம் ஒரு மணல் திட்டில் படகுகளைக் கட்டி, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். சாப்பிடுமுன் டொனால்ட் எங்கள் நால்வரையும் கரையோரம் அழைத்துப்போய் அடுத்த வளைவைக் காட்டினான். வளைவின் முடிவில் இடது கரையிலிருந்து ஒரு பெரிய மரம் ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்தது.

"தண்ணி அது உள்ள பூந்து போயிரும். ஆளு போக முடியாது, மாட்டிக்குவோம். வளைவுல திரும்புனதும் வலப்பக்கமா வெலகணும், விடாம அடிக்கணும். ஒரு மூச்சு நிறுத்துனாலும் தண்ணி நம்மள மரத்துக்கிட்ட கொண்டு போயிரும். வெளங்குதா மாமா?"

"விளங்குது" என்றேன்.

சாப்பிடும்போதுதான் பாஞ்சாலை வேடிக்கையாக அதைச் சொன்னாள். "டேய், எங்களுக்கு அடிக்கிறதவிட நிக்கிறதுதான் நல்லா வரும். கங்காணி ஆடாதன்னா மூத்திரம் முட்டுனாக்கூட நிப்போம்."

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தான்.

"தெரியும் அக்கா. எங்கம்மாவும் நின்னுச்சு."

சோற்றில் இருந்த கைகள் அப்படியே நின்றன. எனக்குப் பழக்கமான அமைதிதான். ஆனால் அது என் சொல்லால் வந்ததல்ல.

சீதாதான் கேட்டாள். "ஓடியிருந்தா பொழச்சிருக்குமாடா?"

"காட்டுல பொறந்து வளந்த அஸ்லி ஆளுங்களோட இத்தன வருசம் இருக்கேன். கூடு கலையாத வரைக்கும் ஆடாம நிக்கலாம். கலைஞ்சு மேல வந்திருச்சுன்னா ஓடணும். நாலு கொட்டு கொட்டும், உசுரு மிஞ்சும். எங்கம்மாவ நிக்க வச்சது குளவி இல்ல அக்கா."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னான். சீதா என்னைப் பார்த்தாள்.

"நான் பக்கத்துலதான் நின்னேன் கங்காணி. கைய நீட்டுனா எட்டும். இழுத்துக்கிட்டு ஓடியிருப்பேன். உங்க குரலுக்குப் பயந்து நின்னேன்." பிறகு, ஆற்றில் கை கழுவப் போகிறவள் போல எழுந்தபடி சொன்னாள். "இனிமே நான் நிக்க மாட்டேன்."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். தோட்டத்துக் கோபம் மழை மாதிரி, வந்து போய்விடும். அவள் அமைதியாகச் சொன்னாள். மற்ற இருவரும் அவளை எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் கவனித்தேன். ஒருத்தி நிற்கமாட்டேன் என்றால், அடுத்த குளவிக்கு யாரும் நிற்கமாட்டார்கள். நிற்காவிட்டால் நான் அவர்களைக் காப்பாற்ற முடியாது. அதோடு, அன்று நின்றது வீண் என்று ஆகும். ஆரோக்கியம்மாளைக் கொன்றது நான் என்று ஆகும். இருபது வருடம் என் சொல்லால் காத்த பெண்களிடம் அப்படி ஒரு பொய்யை விட்டுவிட்டு நான் மலையேற முடியாது. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

படகில் ஏறும்போது முட்டி வலிக்கிறது, இந்தப் பக்கம் காலை நீட்ட வரவில்லை என்று தங்கம்மாவிடம் சொன்னேன். அவள் உடனே எழுந்து இடம் கொடுத்தாள். அவள் இடப்பக்கம் போனாள், நான் வலப்பக்கம் வந்தேன். என் முட்டியில் எந்த வலியும் இல்லை.

வளைவில் திரும்பினோம். மரம் தெரிந்தது. "அடி, அடி, விடாம அடி" என்று டொனால்ட் கத்தினான். நால்வரும் அடித்தோம். படகு வலப்பக்கம் விலகத் தொடங்கியது. நன்றாகத்தான் விலகியது. அவன் நல்ல வழிகாட்டி, இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். சீதா எல்லோருக்கும் முன்னால் குனிந்து அடித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகை நான் பார்த்தேன்.

"ஆடாத" என்றேன்.

கத்தவில்லை. தோட்டத்தில் கொடுக்கிற அதே குரல். ஆற்றுச் சத்தத்தில் அது கேட்குமா என்று எனக்கு ஐயம் இருந்தது. கேட்டது. தங்கம்மாவின் துடுப்பு தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றது. சீதா குனிந்தபடி நின்றாள். அவள் விரல்கூட அசையவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் நிற்கமாட்டேன் என்றவள். அந்த ஒரு கணத்துக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. வழிகாட்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அவர்கள் கேட்டது என்னைத்தான்.

பாஞ்சாலை மட்டும் நிற்கவில்லை. "கங்காணி, என்ன சொல்றீங்க" என்று என்னைத் திரும்பிப் பார்த்தபடியே அடித்தாள். ஒரு துடுப்பால் என்ன ஆகும்.

படகின் இடப்பக்கம் மரத்தில் மோதியது. நான் அதற்குத் தயாராக இருந்ததால் உடனே அடிமரத்தின் மேல் தாவிவிட்டேன். பாஞ்சாலையும் தாவினாள். டொனால்டைத் தண்ணீர் வலப்பக்கம் வெளியே தள்ளி, மரத்தைத் தாண்டி இழுத்துப்போனது. படகு சாய்ந்து, மரத்தோடு ஒட்டி நின்றது. சீதாவும் தங்கம்மாவும் படகின் ஓரக் கயிற்றைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் இருந்தார்கள். கயிற்றை விட்டுவிட்டு மரத்தைப் பிடித்திருந்தால் ஏறியிருக்கலாம். கை நீட்டினால் எட்டும் தூரம். இருவரும் என்னைப் பார்த்தார்கள். பயந்த பார்வை என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. நான் நன்றாக அறிந்த பார்வை அது. "எடு" என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.

நான் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மரத்தில் நின்றுகொண்டு பாஞ்சாலை, "சொல்லித் தொலைங்க கங்காணி, விடச் சொல்லுங்க" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பிறகு அவளே குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். அதற்குள் படகு மடங்கி அவர்கள் மேல் கவிழ்ந்து, மரத்துக்கு அடியில் போய்விட்டது.

அப்புறம் விசாரணை நடந்தது. பையன் அடிக்கச் சொன்னான், பெண்கள் நின்றுவிட்டார்கள் என்று சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆடாமல் இருக்கும்படி கங்காணி சொன்னார் என்று பாஞ்சாலை சொல்லித்தான் பார்த்தாள். படகில் ஆடாமல் உட்காரச் சொல்வது நல்ல புத்திமதிதானே என்று எழுதிக்கொண்டார்கள். தேயிலை மலையில் நின்றிராத ஒருவருக்கு அவள் சொன்னது எப்படி விளங்கும். பயிற்சி போதாதவர்களை ஆற்றில் இறக்கினான் என்று டொனால்டின் உரிமத்தை வாங்கிவிட்டார்கள். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. பெண்கள் ஏன் நின்றார்கள் என்று என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். மரம் இருப்பது தெரிந்து சொன்னேன். நின்றால் என்ன ஆகும் என்பது தெரிந்து சொன்னேன். எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வருந்துகிறேன் என்ற சொல்லை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சீதாவும் தங்கம்மாவும் தோட்டத்து மயானத்தில் இருக்கிறார்கள். ஆரோக்கியம்மாள் கல்லறை தானா ராத்தாவில். டொனால்ட் லெம்பா பெர்த்தாமில் ஒரு சீனர் தோட்டத்தில் லாரிக்கு முட்டைக்கோஸ் ஏற்றுகிறான். பாஞ்சாலை வேலையை விட்டுவிட்டு பிரிஞ்சாங் சந்தையில் பூ விற்கிறாள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அடங்காதவள், நன்றாகத்தான் இருக்கிறாள். நான் இன்னும் கங்காணிதான். என் சொல்லைக் கேட்டு நடந்த யாருக்கும் என்னால் இதுவரை ஒரு தீங்கும் வந்ததில்லை.