பச்சை லைற்

அருந்ததி: கரண்ட் போய் வந்தாப்போலை நான் இஞ்சை ரைப் பண்ணினது எல்லாம் அழிஞ்சுபோகுமே சேர்?

கிளரன்ஸ்: கொம்பியூட்டரிலை இருந்தது போயிட்டுது பிள்ளை. உள்ளை எல்லாம் பதிஞ்சிருக்கிற தட்டுப் பழுது.

அருந்ததி: அது போனால் போகட்டும். பக்கத்திலை உந்தப் பெட்டி இருக்குத்தானே?

கிளரன்ஸ்: ம்...

அருந்ததி: லண்டனிலையிருந்து உங்கடை தம்பி அனுப்பினது, பின்னேரம் நாங்கள் செபத்துக்கு இருக்க அது தன்ரை பாட்டிலை எல்லாத்தையும் கசெற்றிலை பிரதி எடுக்கும் எண்டு நீங்கள்தானே சொன்னியள்?

பியாட்றிஸ்: இவர் சேர்ச்சிலையும் சொன்னவர். போதகர் பிரசங்கத்திலை எடுத்துச் சொன்னார். கடவுளும் உப்பிடித்தானாம், ஒண்டையும் மறக்கமாட்டாராம்.

கிளரன்ஸ்: பியாட்றிஸ், நீர் போய்த் தேத்தண்ணியைப் போடும்.

பியாட்றிஸ்: போட்டாச்சு. உங்களுக்கு முன்னாலைதான் இருக்கு.

அருந்ததி: பச்சை லைற்கூட எரியுது. ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன் சேர்.

கிளரன்ஸ்: உடனை எடுக்கேலாது பிள்ளை. அதுக்கு ஒரு முறை இருக்கு.

அருந்ததி: திங்கக்கிழமையும் உதே கதைதான் சொன்னியள்.

கிளரன்ஸ்: கையாலை எழுதின கொப்பியள் இருக்குமே?

அருந்ததி: கொப்பியோ! இஞ்சை ரைப் பண்ணி முடிச்ச அண்டு, "இனி உதுகள் குப்பை" எண்டு நீங்கள் சொல்ல, எங்கடை ஐயா கச்சான் கடைக்குச் சுருள் சுத்தக் குடுத்திட்டார்.

கிளரன்ஸ்: ஐயோ...

அருந்ததி: என்ன ஐயோ? வட்டுக்கோட்டைப் பக்கம் ஒவ்வொரு தோட்டக் கிணறாச் சைக்கிளிலை போய்த் தண்ணியிலை உப்புப் பார்த்து எழுதினது சேர். மாசக் கடைசியிலை கம்பசிலை ஆய்வைக் குடுக்காட்டி என்ரை வருசம் போச்சு. சொல்லுங்கோ, பெட்டியிலை இருக்கோ இல்லையோ?

கிளரன்ஸ்: ...

அருந்ததி: சேர்?

பியாட்றிஸ்: இல்லைப் பிள்ளை.

அருந்ததி: என்ன அன்ரி?

பியாட்றிஸ்: அவரைக் கேளாதை. பிழை என்ரை. உந்தக் கசெற் எங்கடை பாட்டுக் கசெற் மாதிரியேதான் இருக்கும். ரொறன்ரோவிலை மகளுக்குக் குரல் பதிஞ்சு அனுப்ப வேறை கசெற் இருக்கேல்லை. அதை எடுத்துக் கதைச்சு அனுப்பிப்போட்டன்.

அருந்ததி: அன்ரி! அப்பிடி என்ன கதைச்சனீங்கள்?

பியாட்றிஸ்: என்னத்தை... சுகமோ, குளிர் எப்பிடி, எங்கடை ஆடு குட்டி போட்டது...

அருந்ததி: என்ரை கிணறுகளுக்கு மேலை ஆட்டுக்குட்டி!

கிளரன்ஸ்: உமக்கு எத்தினை தரம் சொன்னனான், உந்தப் பெட்டியைத் தொடாதையும் எண்டு!

பியாட்றிஸ்: ஓம். சொன்னனீங்கள்.

கிளரன்ஸ்: படிச்ச பொம்பிளையே நீர்?

அருந்ததி: விடுங்கோ சேர். ஏசி என்ன... நான் வாறன்.

பியாட்றிஸ்: தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போ பிள்ளை.

அருந்ததி: வேண்டாம். கச்சான் கடையிலை ஏதும் தாள் மிச்சம் கிடக்கோ எண்டு பாக்கவேணும்.

பியாட்றிஸ்: ...படலையும் சாத்தாமல் போகுது. அழுதுகொண்டு.

கிளரன்ஸ்: பியாட்றிஸ்... நீர் எப்ப அந்தக் கசெற்றை எடுத்தனீர்?

பியாட்றிஸ்: நான் எடுக்கேல்லை. உங்கடை மேசை லாச்சிக்குள்ளைதான் கிடக்கு. மேலுறைகூடப் பிரிக்காமல்.

கிளரன்ஸ்: அப்ப... உமக்குத் தெரியுமே?

பியாட்றிஸ்: தூசி தட்டுறது நான்தானே. பெட்டியிலையிருந்து கரண்டுக்கு ஒரு வயர் போகுது. கொம்பியூட்டருக்கு ஒண்டும் போகேல்லை.

கிளரன்ஸ்: கொம்பியூட்டருக்குப் போற வயரும் பார்சலிலை வந்ததுதான். வழியிலை ஆமிச் சென்றியிலை, வயர் எண்டு கண்ட உடனை குண்டுக்கெண்டு பறிச்சுப்போட்டாங்கள். அதுக்கிடையிலை நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டன்... தம்பி வேறை ஒண்டு அனுப்புமட்டும் எண்டு...

பியாட்றிஸ்: லைற்றை எரியவிட்டியள்.

கிளரன்ஸ்: ஓம்... ஆனா நீரேன் பழியை உம்மடை தலையிலை போட்டனீர்?

பியாட்றிஸ்: அந்தப் பிள்ளை கேக்கக் கேக்க நீங்கள் வாய் திறக்கேல்லை. நான் ஒரு பொய் சொன்னால், வெக்கப்பட்டெண்டாலும் "இல்லைப் பிள்ளை, அவவிலை பிழை இல்லை" எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன்... நீங்கள் என்னை ஏசினியள்.