கடைசியாக வருபவன் கயிற்றைச் சுற்ற வேண்டும்

எங்கள் ஊர் மளிகைக் கடையில் துணி காயப்போடும் கிளிப் அதிகம் வாங்குவது ஆண்கள்தான். நீங்கள் ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் விஸ் தீவில் யாரும் சிரிக்க மாட்டார்கள். கடைக்காரி எங்களைப் பார்த்ததுமே, "துணிக்கா, கப்பலுக்கா?" என்று கேட்பாள். கப்பலுக்கு என்றால் நிறம் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொள்ள விடுவாள்.

கப்பல் என்றால் தெரேசியா. என் அப்பா பிறப்பதற்கு முன்பே மூழ்கிய சரக்குக் கப்பல். வெளியூர்க்காரர்கள் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, வெளியே சுற்றி, நங்கூரத்தோடு படம் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிடுவார்கள். உள்ளே போவது எங்கள் முக்குளிப்போர் சங்கத்துக்காரர்கள் மட்டும். உள்ளே முழுக்க வண்டல். காலை ஒருமுறை தப்பாக உதைத்தால் போதும், எழும்பி நிற்கும். டார்ச்சை முகத்துக்கு நேரே பிடித்தாலும் வெளிச்சம் தெரியாது. அதனால் கயிறு கட்டித்தான் போவோம். கப்பலின் வாசலில் ஒரு முனையைக் கட்டி, ரீலிலிருந்து விட்டுக்கொண்டே இடைவழியைத் தாண்டி, எஞ்சின் அறை வாசலில் இருக்கும் குழாயில் ரீலை மாட்டிவிடுவோம். அதற்கு மேல் கயிறு கிடையாது. கயிற்றை விட்டு அறைக்குள் போகிறவன் தன் கிளிப்பை ரீலுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் தன் கிளிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவன் கிளிப் இருந்தால் அவன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று பொருள். ரீலைத் தொடக் கூடாது. கிளிப் எதுவும் இல்லையென்றால், கடைசியாக வருபவன் ரீலைக் கழற்றி, கயிற்றைச் சுற்றிக்கொண்டே வெளியே வர வேண்டும். கயிற்றை உள்ளே விட்டுவிட்டு வந்தால் அடுத்து வருகிறவன் காலில் சிக்கும்.

இவ்வளவுதான் விதி. நான் விதியை மீறினேன் என்று யாரும் சொல்ல முடியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் கிளிப் பச்சை. டிங்கோவுடையது மஞ்சள். நாங்கள் இருவரும் மீசை முளைக்காத காலத்திலிருந்து ஒன்றாக இறங்குகிறவர்கள். அவன் வாய் சும்மா இருக்காது. "டேய் லூக்ஷா, உன் பொண்டாட்டி வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனப்போ இந்தக் கிளிப்பை மட்டும் எப்படிடா விட்டுட்டுப் போனா? பாவம், அவசரத்துல மறந்திருப்பா" என்பான். படகில் இருக்கும் எல்லோரும் சிரிப்பார்கள். அவன் மனைவி பெரினா மட்டும், "வாயை மூடுங்க, அண்ணன் முகத்தைப் பாருங்க" என்பாள். எனக்குக் கோபம் வந்ததில்லை. அவன் சொன்னது உண்மைதானே.

படகு எஞ்சின் பழுது பார்ப்பது என் தொழில். தரையில் என்னைப் பிடிக்காதவர்கள் நிறைய. எடுத்தெறிந்து பேசுவேன், சொன்ன நாளில் வேலையை முடிக்க மாட்டேன். எனக்கே என்னைப் பிடிக்காது. தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் அந்த ஆள் கூட வர மாட்டான். எனக்கு வேறு சந்தோஷம் கிடையாது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் காரணம் கேட்டீர்கள்.

இந்த வசந்த காலத்தில் ஒருநாள் மேலே வந்ததும் என் இடது கை செத்துப்போனது. மரக்கட்டையைத் தொடுவதுபோல இருந்தது. டிங்கோதான் என்னை ஸ்ப்ளிட்டுக்குக் கூட்டிப்போனான். கை திரும்ப வந்துவிட்டது. ஆனால் டாக்டர் வேறொன்றைக் கண்டுபிடித்தார். இதயத்தில் சின்ன ஓட்டை, பிறவியிலிருந்தே இருக்கிறதாம். நிலத்தில் நடக்கிறவனை அது ஒன்றும் செய்யாது. ஆழத்துக்குப் போய் வருகிறவனை ஒருநாள் கொன்றுவிடும், இல்லையென்றால் படுக்கையில் போட்டுவிடும். இனி இறங்கவே கூடாது என்றார். அறையில் நாங்கள் மூன்று பேர்தான்.

தீவுக்குத் திரும்பும் பயணிகள் கப்பலில் டிங்கோ எனக்கு பீர் வாங்கித் தந்தான். "விடுடா. இனிமே படகை நீ ஓட்டு, கீழ நான் போறேன். மேல உக்காந்து பெரினாகூட ஊர்க்கதை பேசு. அவளுக்கும் ஆள் இல்லாமத்தான் தவிக்கிறா."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன்.

"சொல்லாம? நீ கீழ செத்துக் கிடந்தா உன்னை யாருடா தூக்கிட்டு வர்றது? நானா? உன் எடைக்கு எனக்கு இடுப்பு போயிடும்."

கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. கோடை முடியும்வரை பொறுத்துக்கொள்கிறேன் என்றான். பொறுத்துக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் நான் மேலே வரும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்குத் தூக்கம் கெட்டுவிட்டது என்று பெரினா சொன்னாள், காரணம் தெரியாததுபோலத்தான் சொன்னாள். வெளியூர்க் கூட்டம் குறைந்து ஊர் அமைதியானதும் என் பட்டறைக்கு வந்து நின்றான்.

"போதும்டா. சங்கத்துல சொல்லப் போறேன். சிலிண்டர் நிரப்புறவன்கிட்டயும் சொல்லிடுவேன், உனக்குக் காத்து அடிச்சுக் கொடுக்கக் கூடாதுன்னு. என்னைத் திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. உன்னைப் பொதைக்கிற வேலை மட்டும் என்னால முடியாது."

கடைசியாக ஒருமுறை தெரேசியாவுக்குப் போய் வந்துவிடலாம் என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டான்.

"சரி, வந்து தொலை. ஆனா என் கண்ணு முன்னாடியே இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரினா படகில் இருந்தாள், நெத்திலி வைத்த ரொட்டி சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். கடல் நல்ல கடல். நாங்கள் இறங்கினோம், கயிறு கட்டினோம், ரீலைக் குழாயில் மாட்டினோம். பச்சை, மஞ்சள், இரண்டு கிளிப்பையும் அவனே மாட்டினான். எஞ்சின் அறையில் அவன் என்னை முன்னால் போகவிட்டுப் பின்னால் வந்தான். நான் எதையெல்லாம் பார்க்க விரும்புவேன் என்று அவனுக்குத் தெரியும். கொதிகலனுக்கு, அளவுமானிகளுக்கு, பிஸ்டன்களுக்கு எல்லாம் டார்ச் அடித்துக் காட்டினான். விடைபெறட்டும் என்று நினைத்திருப்பான். நல்ல மனசு.

நான் திட்டம் போட்டுக்கொண்டு போகவில்லை. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. கொதிகலனுக்குப் பின்னால் நான் காலை உதைத்துவிட்டேன். முப்பது வருடமாக உள்ளே போய் வருகிற நான் அப்படி உதைத்ததே இல்லை. வண்டல் எழுந்தது. நான் சுவரைத் தடவிக்கொண்டே குழாய்க்கு வந்துவிட்டேன். அவன் என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே நின்றான். என் கண் முன்னால் இரு என்று சொன்னவன் அவன்தானே.

என் கிளிப்பை எடுத்துக்கொண்டேன். அவனுடையது இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மனதில் என்ன ஓடியது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் ஓடவில்லை. மனம் காலியாக, சௌகரியமாக இருந்தது. பிறகு அதையும் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். கயிற்றில் இப்போது கிளிப் எதுவும் இல்லை. கிளிப் இல்லையென்றால் கயிற்றைச் சுற்ற வேண்டும். சுற்றினேன். அவசரப்படாமல், சிக்கு விழாமல், வாசல் வரைக்கும் சுற்றினேன்.

அவன் குழாயைக் கண்டுபிடித்திருப்பான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தீவில் அவனைப்போல இன்னொருவன் கிடையாது.

மேலே வரும்போது, ரத்தத்தில் காற்றுக் குமிழி அடைக்காமலிருக்க, நடுவில் நின்று நின்று வர வேண்டும். என் இதயத்துக்கு அது இன்னும் முக்கியம். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டிய நேரம் நின்றேன். கீழே இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. கத்தியின் பிடியால் தட்டுவோம், மூன்று மூன்றாக. 'இங்கே இருக்கிறேன்' என்று அர்த்தம். தண்ணீருக்குள் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது, எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். தட்டுவது நின்ற பிறகும் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது. எனக்கு அது கஷ்டமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

படகில் ஏறியதும் பெரினா கேட்டாள். "அவர் எங்கே அண்ணே?"

"பின்னாலதான் வரான்" என்றேன்.

அவள் ரொட்டியைத் துணியால் மூடி வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு நல்ல பசி. ஆனாலும் சாப்பிடவில்லை, அது முறையாக இருந்திருக்காது.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் ஆட்களுக்குத் தெரியும். ரேடியோவில் சொன்னோம், போலீஸ் முக்குளிப்பவர்கள் வந்தார்கள். நல்ல பையன்கள், ஆனால் தெரேசியாவின் உள்பக்கம் தெரியாதவர்கள். உள்ளே வழி தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். பெரினா துறைமுகத்தில், எல்லோர் முன்னாலும், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க போய்க் கூட்டிட்டு வந்துடுங்க. வேற யார் கையும் அவர் மேல பட வேணாம்."

சிலிண்டர் நிரப்புகிறவன் ஒரு கேள்வியும் கேட்காமல் நிரப்பிக் கொடுத்தான்.

இடைவழி குறுகல் என்பதால் நான் மட்டும் உள்ளே போனேன், மற்றவர்கள் வாசலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வண்டல் படிந்திருந்தது. டிங்கோ குழாயைக் கையால் சுற்றிப் பிடித்தபடி அதன் அடியிலேயே இருந்தான். நான் அவன் பையைத் திறந்து மஞ்சள் கிளிப்பை உள்ளே வைத்தேன். உடலோடு நீங்கள் எடுத்த கிளிப் அதுதான். தானே அதை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் தடுமாறிவிட்டான் என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பிறகு வெளியே வந்து, இல்லை என்று தலையை ஆட்டினேன். மேலே போனதும், வண்டல் அதிகம், ஒன்றும் தெரியவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். டிங்கோ இருந்த இடத்தைத் தாண்டி எஞ்சின் அறைக்குள் போய், எனக்குப் பிடித்த இடங்களில் எல்லாம் நிதானமாக இருந்துவிட்டு வந்தேன். படகு ஓட்டு என்று யாரும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கூடவே யாரும் வரவில்லை. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை. மாலையில் திரும்பும்போதெல்லாம் பெரினா துறைமுகத்தில் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பாள். நான் தலையை ஆட்டுவேன். அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். தென்காற்று வரப்போகிறது, இனி ஒரு வாரத்துக்கு யாரும் இறங்க முடியாது என்று வானொலியில் சொன்ன பிறகுதான் அவனை வெளியே கொண்டுவந்தேன். பத்திரமாகத்தான் கொண்டுவந்தேன், எங்கேயும் இடிக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பெரினா என் பட்டறைக்கு வந்தாள். கறுப்பு உடை, கண் வீங்கியிருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் கிடந்த பெட்டியில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, எனக்கு எல்லாம் தெரியும்" என்றாள்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"உங்க இதயத்துல ஓட்டை இருக்கறது வசந்தத்துலேர்ந்தே எனக்குத் தெரியும். அவர் என்கிட்ட எதையும் மறைச்சதில்ல. நீங்க செத்துடுவீங்கன்னு ராத்திரியெல்லாம் புலம்புவார். அது தெரிஞ்சும் உங்களைக் கீழ அனுப்பினேன். ஒரு நாள் இல்ல, அத்தனை நாள். நீங்களும் வாயைத் திறக்காம உங்க உயிரைப் பணயம் வெச்சுப் போனீங்க. அவர் இருந்திருந்தா என்னைக் கொன்னுருப்பார்."

சங்கத்தில் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். சிலிண்டர் நிரப்புகிறவனிடமும் சொல்லிவிட்டாளாம். இனி யாரும் என்னைத் தண்ணீரில் இறங்கச் சொல்லித் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக. அதனால்தான் உங்களிடம் வந்தேன். இறங்க முடியாது என்று ஆன பிறகு இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

அவள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னை மன்னிச்சிடுங்க அண்ணே" என்றாள்.

அவள் மனசு நோகக் கூடாது என்று, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.