நூற்றில் நட்ட சிவப்புக் கொடி

என் மச்சான் காளியண்ணனுக்குக் கொள்ளுப் பருப்பு என்றால் உயிர். அன்றைக்கும் என் அக்கா சாரதாமணி அதைத்தான் கடைந்து கொடுத்தனுப்பியிருந்தாள். இருவரும் ஒரே தூக்கிலிருந்து சாப்பிட்டோம். எங்களுக்குள் பகை இருந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டும் குழியொன்றில் அவர் மேஸ்திரி, நான் அளவு குமாஸ்தா. அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவரும் அவரே. முதலில் இருந்த துரை எல்லாவற்றையும் மீட்டரில் வரைந்துவிட்டுப் போனார். அடுத்து வந்த துரை அடியில் கேட்டார். ஆட்கள் முழத்தில் பேசினார்கள். நான்கு மீட்டர் உயரம் என்று வரைந்திருந்த வெடிமருந்துக் கொட்டகையை நான்கு அடியில் கட்டி முடித்தார்கள். ஆறு ஆண்டுகள் தவழ்ந்துபோய்த்தான் மருந்து எடுத்தோம். "மருந்துக்கு மரியாதை வேண்டாமுங்களா?" என்று மச்சான் துரையிடமே சொன்னார். துரையும் தவழ்ந்தார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. எண்ணைச் சொன்னால் மீட்டரா, அடியா என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். பலகையில் எழுதி மாட்டினேன். அதில் சோற்றுத்தூக்கைத் தொங்கவிட்டார்கள்.

"மச்சான், மூணுன்னா மூணு என்னங்க?"

"மூணு எருமைக்கன்னு மாப்ளே. ஓட்டிக்கிட்டு வா."

"கன்னுக்குப் புல்லு எத்தனை அடிங்க சாமி?" என்பாள் கல் சுமக்கும் செல்லாயி. குழியே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

வெடி வைக்கும் முன் சிவப்புக் கொடி நடுவது என் பொறுப்பு. ஆட்கள் எல்லோரும் வெகுதூரம் தள்ளி, மண்மேட்டுக்குப் பின்னால் போய்விடுவார்கள். மேஸ்திரி மட்டும் திரியைப் பற்றவைத்துவிட்டு நடந்து வந்து கொடிக்கம்பைப் பிடித்தபடி நிற்பார். கொடியைத் தாண்டி ஓரெட்டுப் பின்வாங்கினால் மறுநாள் அவர் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் குழியின் வழக்கம் அது.

அன்று மச்சான், "கொடியை நூறுல நடு மாப்ளே" என்றார். நூறு என்னங்க என்று நான் கேட்கவில்லை. ஆறு ஆண்டுகளாக அது நூறு மீட்டர் என்பது எனக்குத் தெரியும். நூறடி அளந்து நட்டேன். நாடாவை இருமுறை இழுத்துப் பார்த்தேன். அளவு மிகச் சரியாக இருந்தது.

திரி எரிய நான்கு நிமிடம். அவர் கொடியருகே வந்ததும் நின்று குழியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, கொடி கிட்டக்க இருக்குது?"

"நூறுதானுங்க மச்சான்," என்று மேட்டிலிருந்து கத்தினேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். நாற்பது பேர் மேட்டுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடிக்கொண்டார்.

"செரி, நூறுன்னா நூறுதான்" என்று சிரித்தபடி கம்பைப் பிடித்துக்கொண்டார்.

மீட்டர் என்று ஒரு சொல் போதும். நானே ஓடிப்போய்க் கொடியைப் பிடுங்கி மாற்றி நட்டிருப்பேன். இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"சாமி, அவரைக் கூப்புடுங்க" என்று செல்லாயி என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"இருங்க, அவரே சொல்லுவாரு" என்றேன்.

மச்சான் மேல் கல் வந்து விழுந்த தூரத்தையும் நான்தான் அளந்தேன். நூற்றிரண்டு அடி, அதாவது முப்பத்தொரு மீட்டர். விசாரணைக்கு வந்த அதிகாரி, இவ்வளவு தெளிவாக எழுதும் குமாஸ்தாவைத் தாம் பார்த்ததில்லை என்றார். விபத்து என்று முடித்தார்கள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுகளாக அக்கா என்னோடுதான் இருக்கிறாள். அவரில்லாத வீட்டில் எங்கள் இருவருக்கும் பேச அதிகமில்லை. போன வாரம் திடீரென்று கேட்டாள்.

"நீ பாத்துக்கிட்டுத்தான நின்ன தம்பி? ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"

போட்டிருக்கலாம். ஆனால் நானே சொல்லிக்கொடுத்திருந்தால் மச்சான் கடைசிவரை அதைக் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்.